பாசிக்குடாத் தண்ணீருக்கு ஒரு ஸ்ட்ரோப்: தேர்ந்ததும் கட்டியதும்

முருகைக்கல்லின் சிவப்பு இப்போது என் படத்திலும் சிவப்பாகவே விழுகிறது. பாசிக்குடாவுக்கு வெளியே எட்டு, ஒன்பது மீற்றர் ஆழத்தில் எடுத்த படங்கள். கணினியில் நிறத்தைத் தொடவே இல்லை. ஒரு சின்னக் கெமரா, பாவித்த ஸ்ட்ரோப் ஒன்று (மின்னல்போல வெட்டி மறையும் தனிப் பிளாஷ்), லேத் மெஷினுக்குத் தண்ணீர் விடும் குழாய், மீன்வலை மிதப்பு நான்கு. இவ்வளவும்தான் தொகுதி. மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக, எதை எப்படித் தேர்ந்தேன், எது சரிவரவில்லை, எவ்வளவு முடிந்தது என்பதை வந்த ஒழுங்கிலேயே எழுதிவைக்கிறேன்.

கெமரா ஒலிம்பஸ் டிஜி-6. தனியாகவே 15 மீற்றர் வரை தாங்கும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. அதற்கென்று செய்த உறைக்குள் போட்டால் 45 மீற்றர். இரண்டையும் பாவித்த நிலையில் வாங்கினேன். முதல் பருவம் முழுவதும் கெமராவில் உள்ள பிளாஷையே நம்பியிருந்தேன். பிளாஷைப் போடாவிட்டால் எல்லாம் பச்சையும் நீலமும். போட்டால் படம் முழுக்க அரிசிமா தூவினது போல வெள்ளைப் புள்ளிகள். காரணம் எளிது. தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் உறிஞ்சும். ஐந்து மீற்றருக்குள்ளேயே அது பெரும்பாலும் போய்விடும், பின்னால் செம்மஞ்சள். ஆகவே கீழே போகிறவர் வெளிச்சத்தைக் கையோடு கொண்டு போக வேண்டும். ஆனால் அந்த வெளிச்சம் லென்சுக்குப் பக்கத்திலேயே இருந்தால், இடையில் மிதக்கிற மணலும் தூசும் நேரே வெளிச்சம் வாங்கி லென்சுக்குத் திருப்பி அனுப்பும். வெளிச்சத்தை லென்சிலிருந்து தள்ளி, பக்கவாட்டில் வைக்க வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் கைவேலை.

முதலில் வீடியோ லைற் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். 2,000 லூமன் என்று அதில் எழுதியிருந்தது. தொடர்ந்து எரிவதால் வெளிச்சம் எங்கே விழுகிறது என்பது கண்ணுக்கே தெரியும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது பெரிய வசதி. மாலையில், கல்லிடுக்கு நிழலில், அசையாத பொருட்களுக்கு நன்றாகவே இருந்தது. காலை பத்து மணி வெயிலில் ஆறு மீற்றரில் போட்டால் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சூரியனோடு போட்டிபோட அந்த வெளிச்சத்தால் முடியாது. இன்னொன்று, மீன் அசைந்தால் படம் கலங்கிவிடும். ஸ்ட்ரோப் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் வெட்டி மறைகிறது. அந்த வெட்டிலேயே மீன் நின்றுவிடும். வீடியோ எடுப்பதுதான் நோக்கம் என்றால் லைற்றை வாங்குங்கள். படத்துக்கு ஸ்ட்ரோப்தான்.

சரி, எந்த ஸ்ட்ரோப்? எல்லோரும் முதலில் பார்ப்பது பலத்தை. பலத்தை 'கைட் நம்பர்' என்ற எண்ணால் சொல்வார்கள். சிறியவற்றில் இனோன் எஸ்-2000 போன்றவற்றுக்கு 20. பெரியவற்றில் சீ அண்ட் சீ வைஎஸ்-டி2 போன்றவற்றுக்கு 32. எண்ணைப் பார்த்ததும் பெரியதுக்கு மனம் போகும். நான் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த எண்கள் தரையில் அளந்தவை. தண்ணீருக்குள் பாதியாக, சில வேளை மூன்றிலொன்றாகக் குறையும். 20 என்பதைத் தண்ணீருக்குள் 8 என்று வைத்து, 40 செ.மீ. தூரத்தால், அதாவது 0.4 மீற்றரால் பிரித்தால் 20 வரும்; லென்சின் துவாரத்தை எப்/20 வரைக்கும் சுருக்கினாலும் வெளிச்சம் போதும். என் கெமராவின் லென்ஸ் எப்/2-இல், அதைவிட மிகப் பெரிதாகத் திறக்கிறது. அதாவது கைக்கெட்டும் தூரத்தில் சின்ன ஸ்ட்ரோப்பின் வெளிச்சமே தேவைக்கு மிஞ்சியது.

32 வாங்கினால் என்ன கிடைக்கும்? 1.6 மடங்கு தூரம். ஆனால் அந்தத் தூரத்தில் எடுத்துப் பயனில்லை. ஒன்றரை மீற்றர் தள்ளியிருக்கும் மீனுக்கு வெளிச்சம் போய்த் திரும்பி வர மூன்று மீற்றர் தண்ணீரைக் கடக்க வேண்டும். அந்த மூன்று மீற்றரில் சிவப்பு மறுபடியும் கரையும். இடையில் மிதக்கும் தூசும் அவ்வளவு கூடும். பலம் தூரத்தை வாங்கித் தரும். நிறத்தையும் தெளிவையும் வாங்கித் தராது. பாசிக்குடாவில் குடாவுக்குள்ளே நெடுந்தூரம் இடுப்பளவுத் தண்ணீர், அடியில் மணல். காற்று எழும்பினால் கலங்கிவிடும். கல்லடிப் பக்கமாக வந்தால் மழைக்குப் பிறகு வாவித் தண்ணீர் முகத்துவாரத்தால் வெளியேறிக் கரையோரத்தையே மங்கலாக்கும். எங்கள் தண்ணீருக்குக் கிட்டப் போவதுதான் ஒரே வழி. கிட்டப் போகிறவருக்குச் சின்ன ஸ்ட்ரோப் போதும். கைக்கும் பாரமில்லை, பெரியதுக்குப் போடும் அதே நான்கு ஏஏ பற்றரிதான்.

பலத்தைவிட முக்கியமானதாக நான் கண்டது கெமராவும் ஸ்ட்ரோப்பும் பேசிக்கொள்ளும் விதம். இதைத் தெரிந்துகொண்டது ஒரு பழைய பிளாஷால். யாரோ ஒருவர் பாவிக்காமல் வைத்திருந்த, இன்னொரு வெளிச்சத்தைக் கண்டால் தானும் வெட்டுகிற வகை. வீட்டில் சோதித்தபோது ஒவ்வொரு முறையும் வெட்டியது, படமோ ஒவ்வொரு முறையும் இருட்டு. டிஜி-6 படம் எடுக்கும்போது பிளாஷ் ஒரு தடவை வெட்டுவது போலத்தான் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் வெளிச்சத்தை அளந்து பார்க்க முதலில் ஒரு சின்ன வெட்டு, பிறகு படத்துக்கான பெரிய வெட்டு. பழைய பிளாஷ் அந்த முதல் வெட்டுக்கே தன் பலம் முழுவதையும் கொட்டிவிட்டு, படத்துக்கான நேரத்தில் வெறுமையாக நிற்கிறது. ஆகவே ஸ்ட்ரோப் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: கெமராவின் முன்வெட்டை இது புரிந்துகொள்ளுமா? இனோன் எஸ்-2000 கெமரா பிளாஷின் முன்வெட்டையும் பின்வெட்டையும் அப்படியே பின்பற்றி வெட்டுகிறது. கெமரா தன் பிளாஷை நிறுத்தும்போது இதுவும் நிறுத்தும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்தத் தானியங்கி முறை பெரிய ஆறுதல். மூச்சையும் மிதப்பையும் பார்த்துக்கொள்ளவே கவனம் போதாத நேரத்தில் இன்னொரு திருகைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அதைத்தான் தேடினேன்.

பாவித்த எஸ்-2000 ஒன்று 68,000 ரூபாய்க்குக் கிடைத்தது. வாங்குமுன் பார்த்தவற்றைச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு முன் பார்த்த ஒன்றை இதே சோதனையில்தான் தவிர்த்தேன். பற்றரி மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் தகட்டு முனைகளை ரோச் லைற் அடித்துப் பார்க்க வேண்டும். பச்சையாகவோ வெள்ளைப் பொடியாகவோ இருந்தால் உள்ளே உப்புத் தண்ணீர் போயிருக்கிறது. துடைத்துவிட்டு விற்றாலும் தகட்டின் ஓரத்தில் கறை நிற்கும். முன்பு பார்த்ததில் அந்தக் கறை இருந்தது. பிறகு ஓரிங், அதாவது தண்ணீர் புகாமல் மூடியை அடைக்கும் ரப்பர் வளையம், உட்காரும் பள்ளம்: விரல் நகத்தை மெதுவாக ஓட்டினால் கீறல் தட்டுப்படும். ஓரிங்கை மாற்றலாம், பள்ளத்தை மாற்ற முடியாது. முன் கண்ணாடிக்குள்ளே வெட்டுகிற குழாயின் இரு முனைகளும் கருத்திருந்தால் அதிகம் வெட்டியது என்று பொருள். கடைசியாக, நல்ல பற்றரி நான்கைப் போட்டு முழுப் பலத்தில் வெட்டவிட்டு, அடுத்த வெட்டுக்குத் தயார் என்று விளக்கு எரியும்வரை நொடிகளை எண்ண வேண்டும். எனக்குக் கிடைத்தது இரண்டு நொடிக்குள் தயாரானது.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் கிணற்றுச் சோதனை. பற்றரி இல்லாமல், உள்ளே ரிஷ்யூ தாளை மடித்து வைத்து மூடி, நைலோன் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினேன். ஸ்ட்ரோப்புக்குள் காற்று இருக்கிறது, மிதந்துவிடக்கூடாது என்பதற்காக ஒரு ஈயக் குண்டும் சேர்த்து. எங்கள் கடற்கரை மணலில் கிணறுகள் ஆழமில்லை. மூன்று மீற்றர் தண்ணீர் நின்றாலே பெரிய விடயம். அது போதுமா என்று கேட்கலாம். போதும். ஓரிங்கில் மயிரோ மணலோ இருந்தால் பெரும்பாலும் மேல் தண்ணீரிலேயே கசியும். ஆழம் போகப் போக அழுத்தம் மூடியை இறுக்கி ஓரிங்கைப் பள்ளத்தோடு சேர்த்துவிடும். ஒரு இரவு விட்டு எடுத்தேன். தாள் காய்ந்திருந்தது.

அடுத்தது, கெமரா உறையையும் ஸ்ட்ரோப்பின் கையையும் தாங்கும் தட்டு. 6 மி.மீ. தடிப்பு, 40 மி.மீ. அகல அலுமினியப் பட்டையில் 28 செ.மீ. வெட்டுவித்தேன். வெட்டு, துளை, முனை மழுக்கல் எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். உறையைத் தட்டில் பூட்டும் போல்ட்டில்தான் கவனம் வேண்டும். கெமராக்களின் அடித்துளை கால் இஞ்சி. ஒரு இஞ்சிக்கு 20 புரி. கடையில் 'ஆறு மி.மீ.' போல்ட்டை எடுத்துத் தருவார்கள், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கால் இஞ்சி என்றால் 6.35 மி.மீ.; புரி இடைவெளி 1.27 மி.மீ. எம்6 போல்ட்டுக்கு இடைவெளி 1 மி.மீ. அது ஒரு சுற்று, இரண்டு சுற்று ஏறும். இறுக்கினால் உறையின் புரியைச் சாப்பிட்டுவிடும், உறையும் போய்விடும். பழைய ஹாட்வெயார் கடைகளில் கால் இஞ்சி விட்வேர்த் போல்ட் இன்னும் இருக்கிறது; அதற்கும் ஒரு இஞ்சிக்கு 20 புரிதான், பிசகின்றி ஏறுகிறது. துருப்பிடிக்காத உருக்கில் வாங்கினேன். அலுமினியத்தோடு அந்த உருக்கு உப்புத் தண்ணீரில் நேரே தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப் போகும். இடையில் நைலோன் வொஷர், புரியில் கொஞ்சம் கிறீஸ். போல்ட்டுகளுக்கு 600 ரூபாய்.

கைதான் இந்தத் தொகுதியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஸ்ட்ரோப்பைத் தாங்கும் கைகளைப் பந்துமுனையும் கிளாம்புமாக வெளிநாடுகளில் விற்கிறார்கள். ஒரு கைக்கு இரண்டு பந்து, மூன்று கிளாம்பு என்று விலை ஏறும், இங்கே எடுப்பிப்பதற்கு வேறு. இன்னொரு வகை, கண்ணி கண்ணியாகக் கோத்த பிளாஸ்ரிக் குழாய், வளைத்த இடத்தில் நிற்கும். அதன் படத்தைப் பார்த்ததும் எங்கோ கண்ட நினைவு. நகரத்து லேத் பட்டறையொன்றில், கடைகிற இரும்பின்மேல் குளிர்நீர் விட்டுக்கொண்டிருக்கும் குழாய் அதேதான். பட்டறைக்காரரிடம் முக்கால் இஞ்சி அளவில் ஒன்று எடுப்பித்துத் தரச் சொன்னேன்.

"மகள், இது மெஷினுக்குத் தண்ணி விடுற குழாய். இதக் கொண்டு போய்க் கடலுக்குள்ள என்ன செய்யப் போறீங்க?"

ஸ்ட்ரோப்பைக் காட்டினேன். கையில் வாங்கி எடை பார்த்தார். குழாயை வளைத்தார், இன்னும் வளைத்தார், ஒரு கண்ணி டக்கென்று கழன்றது.

"பாருங்க, கூடுதலா வளைச்சா இப்பிடிக் களண்டிரும். கடலுக்குள்ள களண்டா மறுகா எங்க தேடுற? உள்ளால தங்கூசி ஒண்டு ஓட்டி ரெண்டு பக்கமும் கட்டிவிடுங்க. களண்டாலும் லைற் போகாது."

அப்படியே செய்தேன். தடித்த தங்கூசியைக் குழாயின் உள்ளால் ஓட்டி, ஒரு முனை தட்டில், மறுமுனை ஸ்ட்ரோப்பின் அடியில். ஸ்ட்ரோப்பின் அடித்துளைக்கும் குழாயின் புரிக்கும் இடையே பொருந்துகிற துண்டை அவரே வெள்ளை நைலோன் கட்டையில் கடைந்து தந்தார். குழாயும் கடைந்த துண்டும் 4,200 ரூபாய். 30 செ.மீ. நீளம் வைத்தேன். தண்ணீருக்குள் வளைத்த இடத்தில் அசையாமல் நிற்கிறது. போட்டில் வெளியே தூக்கினால் பாரத்தில் தொங்கும். அதனால் ஏறி இறங்கும்போது ஸ்ட்ரோப்பை உறையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இனி ஃபைபர். கெமரா பிளாஷின் வெளிச்சத்தை ஸ்ட்ரோப்பின் கண்ணுக்குக் கொண்டு போகும் இழை இது. மின் இணைப்பு எதுவும் இல்லை, ஆகவே தண்ணீர் நுழைய வழியும் இல்லை. புதியவர்களுக்கு மின்கம்பியைவிட இதையே சொல்வேன். நான் வாங்கிய உறையோடு ஃபைபரைத் தாங்கும் துண்டு வரவில்லை. ஸ்ட்ரோப் பக்கத்துத் தாங்கி மட்டும் வந்தது. தொலைக்காட்சிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே போடும் ஒப்டிகல் ஒலிக் கம்பி 1,200 ரூபாய்க்குக் கிடைத்தது. உள்ளே 1 மி.மீ. பிளாஸ்ரிக் இழை. இரு முனைத் தலைகளையும் வெட்டி நீக்கி, இழையைப் புது சவர அலகால் ஒரே வெட்டில் நேராக வெட்டி, நுண்ணிய நீர்த்தாளில் தேய்த்து மினுக்கினேன். ஒரு முனையைச் சாளரத்துக்குக் காட்டினால் மறுமுனை பளிச்சென்று எரிய வேண்டும். மங்கினால் மீண்டும் வெட்டு.

உறையின் பிளாஷ் சாளரத்தைக் கறுப்பு அக்ரிலிக் துண்டால் மூடி, நடுவில் துளையிட்டு, இழையை அதில் இறுக்கிப் பிடிக்க அடைப்பான் ஒன்று செய்ய வேண்டியிருந்தது. கைக்குக் கிடைத்தது பாத்ரூம் செருப்பின் அடி. வட்டமாக வெட்டித் துளையிட்டுச் செருகினேன். அறையிலும் கிணற்றிலும் பிசகே இல்லை. கடலில் ஐந்தாறு மீற்றர்வரை ஸ்ட்ரோப் ஒழுங்காக வெட்டியது, பத்து மீற்றரை நெருங்கும்போது விட்டுவிட்டு வெட்டியது, பிறகு நின்றேவிட்டது. மேலே வந்தால் மறுபடியும் வேலை செய்கிறது. பற்றரியைச் சந்தேகித்தேன், ஓரிங்கைச் சந்தேகித்தேன், இழையை இன்னொரு தடவை மினுக்கினேன்.

விடயம் செருப்பில் இருந்தது. அந்த அடி முழுக்க நுண்ணிய காற்றுக் குமிழி. பத்து மீற்றரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல இரண்டு மடங்கு. குமிழிக்குள் இருக்கிற காற்று சுருங்கும், அடைப்பான் ஒல்லியாகும், இழை பிடி நழுவிச் சாயும். மேலே வந்ததும் அடைப்பான் பழைய அளவுக்கு விரிந்துவிடுவதால் வீட்டில் எவ்வளவு பார்த்தாலும் பிழை தெரியாது. மருந்தகத்தில் சேலைன் போத்தலின் ரப்பர் மூடியொன்றைக் கேட்டு வாங்கினேன். அது கெட்டி ரப்பர், உள்ளே காற்றில்லை. சூடாக்கிய ஊசியால் துளையிட்டு இழையைச் செருகினேன். அன்றிலிருந்து ஆழம் எதுவானாலும் வெட்டுத் தவறவில்லை.

மிதப்பிலும் இதே பாடம். தட்டு, உறை, கை, ஸ்ட்ரோப் எல்லாம் பூட்டி, மீன் நிறுக்கும் தொங்கு தராசில் மாட்டித் தண்ணீர் நிரப்பிய பெரிய பேசினுக்குள் முழுதாக இறக்கினேன். தண்ணீருக்குள் 340 கிராம் காட்டியது. கிணற்றுத் தண்ணீரைவிடக் கடல்நீர் அடர்த்தி கூடியது. இரண்டு லீற்றர் அளவுள்ள இந்தத் தொகுதிக்கு அது ஏறத்தாழ 50 கிராம் தூக்கித் தரும். மிச்சம் 290. இது சின்ன எடைதான், ஆனால் ஒரு மணித்தியாலம் ஒரே மணிக்கட்டில் ஒரு பக்கமாக இழுத்தால் படம் சாயும், கையும் நோகும். முதலில் சுற்றியது நீச்சல் பழகும் மெது ஸ்பொஞ்ச் குழாய். மேலே அழகாக மிதந்தது, கீழே போகப் போகச் சுருங்கிப் பயனற்றுப் போனது. வாழைச்சேனைத் துறைமுகப் பக்கம் வலைச் சாமான் விற்கிற கடையில் கெட்டியான வலை மிதப்பு, நடுவில் துளையோடு, ஒன்று 80 ரூபாய். ஆழத்தில் நாட்கணக்காகக் கிடக்கிற வலைக்கென்று செய்தது, இலகுவில் சுருங்காது. ஆறு வாங்கினேன். அளந்து பார்த்தால் ஒன்று 60 கிராம் தூக்குகிறது. நான்கைக் குழாயில் கோத்தேன். மிச்சம் 50 கிராம் கீழ்நோக்கிய எடை. அந்த அளவு வேண்டும். கை விட்டால் மெதுவாகக் கீழே இறங்கும் தொகுதி, மேலே ஓடிப் போகிற தொகுதியைவிட நல்லது.

பற்றரிக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்: சாதாரண அல்கலைன் வேண்டாம். அடுத்த வெட்டுக்குத் தயாராக எடுக்கும் நேரம் சில தடவைக்குள்ளேயே நீண்டுவிடும். சார்ஜ் செய்யும் நிக்கல் வகை எனிலூப் எட்டும் சார்ஜரும் 16,500 ரூபாய். நான்கு நான்காகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கிறேன். ஒரு கூட்டத்துப் பற்றரி மற்றக் கூட்டத்தோடு கலக்கக்கூடாது. ஒன்று மட்டும் பலவீனமாக இருந்தால் மற்ற மூன்றும் அதைச் சேர்த்து இழுத்துச் சூடாக்கிவிடும்.

கடலுக்கு இறங்கும் காலம் இங்கே சித்திரையிலிருந்து புரட்டாதி வரை. வாடை தொடங்கினால் தண்ணீர் கலங்கி அலையும் எழும்பிவிடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் காலை வேளை கரையோரம் தட்டையாகக் கிடக்கும். ஆறரைக்கே போட்டில் ஏறிவிடுவோம். அந்த நேரத்துச் சாய்ந்த வெயிலில் சூரிய வெளிச்சமும் குறைவு, ஸ்ட்ரோப்பின் நிறம் தெளிவாகத் தெரியும். நடுப்பகலில் மூன்று மீற்றரில் ஸ்ட்ரோப் போட்டும் போடாமலும் எடுத்த படங்களுக்கு இடையே பெரிய வித்தியாசமில்லை.

கெமராவில் ஒன்றைக் கட்டாயம் மாற்ற வேண்டும். தண்ணீருக்கென்று ஒரு நிறச் சமநிலை இருக்கிறது. ஸ்ட்ரோப் இல்லாதபோது நல்லது, அது சிவப்பைக் கூட்டித் தரும். ஸ்ட்ரோப் போட்டதும் அதை எடுத்துவிட்டு வெயில் நிலைக்கு மாற்ற வேண்டும். ஸ்ட்ரோப்பின் வெளிச்சம் ஏற்கெனவே வெயிலின் நிறத்துக்குக் கிட்ட உள்ளது. கெமராவும் சிவப்பைக் கூட்டினால் மீனெல்லாம் செங்கல் நிறத்தில் வரும்.

ஸ்ட்ரோப்பை எங்கே வைப்பது என்பதில்தான் அதிக நேரம் போனது. உறையின் பக்கத்தில் ஒட்டி வைத்து நேரே மீனைப் பார்க்கத் திருப்பினேன்: பழைய வெள்ளைப் புள்ளிகள். கையை முழுதாக நீட்டி, கடிகாரத்தில் பத்து மணி நிற்கும் இடத்துக்குத் தூக்கி, மீனை நோக்கியே சாய்த்தேன்: குறைந்தது, போகவில்லை. பிறகு லென்சின் முகத்துக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, முகத்தை மீனுக்கு வெளிப்பக்கமாகத் திருப்பினேன். பார்த்தால் மீனை விட்டுவிட்டு வேறெங்கோ வெளிச்சம் அடிப்பது போலத் தோன்றும். ஆனால் இந்த ஸ்ட்ரோப்பின் வெளிச்சம் 100 பாகைக்கு மேல் விரிகிறது. விரிவின் ஓரம் மீனைத் தொட்டால் போதும். லென்சுக்கும் மீனுக்கும் இடைப்பட்ட தண்ணீர் இருட்டாகவே இருக்கும், அங்குள்ள தூசு தெரியாது. இந்த ஒரு திருப்பம், இன்னும் 12 எண் பலம் கூடிய ஸ்ட்ரோப்பை வாங்கியிருந்தாலும் தந்திருக்காததைத் தந்தது. தட்டில் சிவப்பு நெயில் பொலிஷால் அந்தக் கோணத்தைக் குறித்துவைத்திருக்கிறேன்.

மிகவும் கிட்ட எடுக்கும்போது கோணம் வேறு. உருண்டையான பெரிய முருகைக்கல்லுக்குள் பதிந்த குழாயில் குடியிருக்கும் சின்னப் புழு ஒன்று உண்டு. உடம்பு உள்ளே, வெளியே தெரிவது இரண்டு திருகு கொண்டைகள், சுண்டுவிரல் நுனியளவு. நிழல் பட்டால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும், குழாயின் வாயைச் சிறிய மூடி அடைத்துவிடும். கீழே கண்ணுக்கு எல்லாக் கொண்டைகளும் ஏதோ மண்ணிறமாகத்தான் தெரிந்தன. கல்லைத் தொடாமல், மூச்சை ஒரே சீராக விட்டுக்கொண்டு, கெமராவைக் கையளவு தூரத்துக்குக் கொண்டுபோய்ப் பொறுத்திருந்தேன். ஸ்ட்ரோப்பை லென்சுக்கு மேலேயே கொண்டு வந்து கீழ்நோக்கிச் சாய்த்திருந்தேன். கொண்டைகள் மெல்ல மெல்ல வெளியே வந்து விரிந்தன. வெட்டினேன். திரையில் ஒன்று கடும் சிவப்பு, விளிம்பில் வெள்ளை. பக்கத்தில் இருந்தது நீலம். அதற்கு அப்பால் மஞ்சள். ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது.

அந்தப் படத்தில் வெளிச்சம் ஒரு பக்கம் கொஞ்சம் கடுமையாக விழுந்திருந்தது. ஐஸ்கிறீம் பெட்டியின் பால்வெள்ளை மூடியை வட்டமாக வெட்டி, இரண்டு ரப்பர் வளையத்தால் ஸ்ட்ரோப்பின் முகத்தில் மாட்டினேன். வீட்டுச் சுவரில் வெட்டிப் பார்த்ததில் வெளிச்சம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது, நிழலின் ஓரம் மென்மையாகிறது. கையளவு தூரத்தில் பாதி வெளிச்சமே தாராளம். செலவில்லை.

சிலிக்கன் கிறீஸுக்குப் போன 1,500 ரூபாயையும் சேர்த்தால், கெமராவும் உறையும் நீங்கலாக 94,280 ரூபாய். இதில் முக்கால்பங்கு கிட்ட ஸ்ட்ரோப்புக்கே. கை, தட்டு, மிதப்பு, இழை எல்லாம் 9,000 ரூபாய்க்குள் அடங்கிவிட்டன. கிறீஸில் சிக்கனம் பார்க்காதீர்கள். வாகனத்துக்குப் போடும் சாதாரண கிறீஸ் ஓரிங்கை ஊதவைத்துவிடும்.

அடுத்த பருவத்துக்கு மாற்ற நினைப்பவை சில. குழாய்க் கைக்குப் பதிலாக உண்மையான பந்துமுனைக் கை ஒன்றை, லண்டனில் இருந்து வருகிற உறவினரிடம் சொல்லிவிட்டிருக்கிறேன். குழாய் வேலை செய்கிறது, ஆனால் போட்டில் ஏறும்போது இரு கையும் அதற்கே வேண்டியிருக்கிறது. ஒலிக் கம்பியின் ஒற்றை இழை கூர்மையாக வளைத்தால் உள்ளே வெடிக்கும். நூற்றுக்கணக்கான நுண்ணிழைகள் சேர்ந்த ஃபைபர் வளைவைத் தாங்கும், அதை வாங்குவேன். இரண்டாவது ஸ்ட்ரோப் வாங்குமாறு பலர் சொல்கிறார்கள். அதற்கு முன் உறைக்கு வெளியே தண்ணீருக்குள் மாட்டும் அகலக்கோண லென்ஸ் ஒன்று வேண்டும். பெரிய களவாவையோ அஞ்சாளையின் பொந்தையோ முழுதாகப் படத்துக்குள் அடக்க இப்போது பின்வாங்க வேண்டியிருக்கிறது. பின்வாங்கினால் தண்ணீர் கூடும், ஸ்ட்ரோப் போட்டதன் பயன் போய்விடும்.

பாசிக்குடாவுக்கு வடக்கே 1942 ஏப்ரல் 9-இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் ஏறத்தாழ 24 மீற்றரில் கிடக்கிறது. அதே நாளில் மூழ்கிய ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு நேரே 50 மீற்றருக்கும் கீழே. அது தனிப் பயிற்சி பெற்ற சுழியோடிகளுக்கானது, என் உறையும் தாங்காது. எண்ணெய்க் கப்பலுக்கு 30 மீற்றர் வரையான சான்றிதழை இந்த வருடம் முடிக்க வேண்டும். ஒற்றை ஸ்ட்ரோப்பால் கப்பலை வெளிச்சமாக்க முடியாது, அதற்கு ஆசைப்படவும் இல்லை. இரும்பில் படர்ந்திருக்கும் மென்முருகையை, கையளவு தூரத்தில், ஒவ்வொரு துண்டாக எடுப்பதுதான் திட்டம்.

வாடைக்கு முன் இப்போது எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். நல்ல தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து, குழாயின் ஒவ்வொரு கண்ணியையும் பிரித்து உள்ளே நின்ற உப்பைக் கழுவி, பற்றரியை வெளியே எடுத்து, ஓரிங்கைக் கழற்றிச் சின்னப் பையில் போட்டு, மூடியை இறுக்காமல் வைத்திருக்கிறேன். அழுத்தத்திலேயே மாதக்கணக்கில் விட்டால் ஓரிங் தட்டையாகிவிடும். சித்திரையில் மறுபடியும் பூட்டும்போது முதல் வேலை கிணற்றுச் சோதனைதான்.